யாருக்குப் பயிற்சி? ஹசாப் முறையின் அரை நூற்றாண்டு

முன்னுரை

உணவுத் தொழிற்சாலைகளில் ஹசாப் என்ற பெயரைக் கேள்விப்படாத மேலாளர் இன்று அரிது. உணவில் என்னென்ன இடர்கள் நேரலாம் என்று முன்கூட்டியே பகுத்தறிந்து, அவற்றைத் தடுக்கக்கூடிய முக்கியமான கட்டங்களில் கட்டுப்பாட்டை வைக்கும் முறை அது. அதன் வரலாறு வழக்கமாக விண்வெளிப் பயணத்தில் தொடங்கி ஏழு கோட்பாடுகளில் முடிகிறது. முறை எப்படி வளர்ந்தது என்பதை அந்த வரலாறு தெளிவாகவே சொல்கிறது. ஆனால் முறையைக் கற்றவர் யார், தொழிற்சாலையில் அவர் எங்கே நின்றார் என்ற கேள்விக்கு அதில் போதிய இடமில்லை.

அமெரிக்க விதிமுறைகளைக் கொண்டு அந்தக் கேள்விக்கு விடை தேடுகிறது இக்கட்டுரை. 1973இல் சட்டம் பயிற்சி பெற்றவரை இயந்திரத்தின் அருகே நிறுத்தியது. 1990களில் அவர் திட்டக் கோப்பின் பக்கம் நகர்ந்தார். 2015இல் சட்டத்தின் பார்வை மறுபடியும் உற்பத்தித் தளத்தின் மீது விழுந்தது. இந்த நகர்வுகளே இன்றைய பயிற்சியின் வலிமைக்கும் பலவீனத்துக்கும் காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

விண்வெளி உணவு

1960களின் தொடக்கத்தில், விண்வெளி வீரர்களுக்கான உணவைத் தயாரிக்கும் பணியில் மினியாபொலிஸைச் சேர்ந்த பில்ஸ்பரி நிறுவனம், நாசா, மாசசூசெட்ஸ் மாநிலத்து நேட்டிக்கில் இருந்த அமெரிக்க இராணுவ ஆய்வகம் ஆகிய மூன்றும் இணைந்தன. பில்ஸ்பரியின் ஹோவர்ட் பவ்மன், நாசாவின் பால் லஷான்ஸ் ஆகியோர் இதில் முன்னின்றனர். பறக்கும் கலத்துக்குள் வீரருக்கு வயிற்றுப்போக்கு வந்தால் விளைவு விபரீதமாகிவிடும். ஆனால் முடிந்த பொருளைச் சோதித்தே பாதுகாப்பை உறுதிசெய்வதென்றால், தயாரித்ததில் பெரும்பகுதி சோதனைக்கே போய்விடும். பயணத்துக்கு மிஞ்சுவது சொற்பம். எனவே மூலப்பொருள், இயந்திரம், சூழல், பணியாளர் என ஒவ்வொரு கட்டத்திலும் எங்கே தவறு நேரலாம் என்று முன்னதாகவே கணிக்கும் வழிக்கு அவர்கள் வந்தனர். அந்த நாளில் இது ஒரு சிறு வல்லுநர் குழுவின் கைவசம் இருந்த அறிவு. அதை யாருக்கும் வகுப்பெடுத்துச் சொல்லித்தர வேண்டிய தேவை எழவில்லை.

1971: இரண்டு அதிர்ச்சிகள்

அந்தத் தேவையை 1971ஆம் ஆண்டு உருவாக்கியது. பில்ஸ்பரியின் குழந்தைகளுக்கான கோதுமைக் கூழ்மாவில் கண்ணாடித் துண்டுகள் இருப்பது தெரியவந்து, அதைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற நேர்ந்தது. விண்வெளிக்குக் கடைப்பிடித்த ஒழுங்கை வீட்டுச் சமையலறைக்குப் போகும் பொருளுக்கும் கொண்டுவர வேண்டும் என்ற பவ்மனின் வாதம் வலுப்பெற்றது. அதே ஆண்டு டென்வரில் நடந்த தேசிய உணவுப் பாதுகாப்பு மாநாட்டில் ஹசாப் முதன்முதலாகப் பொதுவில் முன்வைக்கப்பட்டது.

அடுத்த அதிர்ச்சி கோடையில் வந்தது. பான் விவான்ட் நிறுவனத்தின் டின் உருளைக்கிழங்கு சூப்பைச் சாப்பிட்ட நியூயார்க் மாநிலத் தம்பதியில் கணவர் பாட்டுலிச நச்சால் இறந்தார். மனைவி கடுமையாகப் பாதிக்கப்பட்டார். அது குளிரவைத்துப் பரிமாறும் சூப். சூடாக்கும்போது நச்சு அழிய இருந்த கடைசி வாய்ப்பும் அதனால் இல்லாமல் போயிற்று. தொழிற்சாலையில் நேர்ந்த குறையைத் திருத்த வீட்டில் வழியில்லை.

இதன் பின்னர் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் தன் ஆய்வாளர்களுக்குப் பாடம் நடத்தும் பொறுப்பைப் பில்ஸ்பரியிடமே ஒப்படைத்தது. 1972 செப்டம்பரில் 21 நாள் பயிற்சி நடந்தது. வகுப்பறைப் பாடத்தோடு, டின் உணவு ஆலைகளுக்கு நேரில் சென்று மதிப்பிடும் பயிற்சியும் அதில் இருந்தது. கண்காணிக்கும் அரசுக்குக் கண்காணிக்கப்படும் துறை ஆசிரியராக அமர்ந்தது. ஹசாப் என்ற பெயரில் நடந்த முதல் முறையான தொழிற்பயிற்சி என இதைக் கொள்ளலாம்.

ரிட்டார்ட் அருகே ஒருவர்

1973இல் அமிலம் குறைந்த டின் உணவுகளுக்கான விதிகள் வந்தன. ரிட்டார்டை (மூடிய டின்களை நீராவியில் சூடாக்கும் கலனை) இயக்குபவரும், டின் மூடியின் மடிப்பைச் சோதிப்பவரும், அங்கீகரிக்கப்பட்ட பள்ளியில் பயின்று தேறிய ஒருவரின் நேரடி மேற்பார்வையில் வேலை செய்ய வேண்டும் என்று அவை கட்டாயமாக்கின. பல்கலைக்கழகங்கள் நடத்திய இந்த வகுப்புகள் 'சிறந்த செயல்முறைக் கட்டுப்பாட்டுப் பள்ளி' என்று பெயர் பெற்று இன்றும் தொடர்கின்றன.

அங்கே என்ன கற்றுத்தரப்பட்டது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். நீராவியை உள்ளே விட்டதும் ரிட்டார்டில் உள்ள காற்றை முழுதும் வெளியேற்ற வேண்டும். காற்று தங்கிய இடத்தில் வெப்பம் சரியாக ஏறாது. அங்குள்ள டின்னில் கிளாஸ்டிரிடியம் பாட்டுலினத்தின் வித்துகள் பிழைத்துக்கொள்ளும். அன்று வெப்பநிலைக்கு ஆதாரமாக இருந்தது பாதரச வெப்பமானிதான். தானாக வரைந்துகொண்டிருக்கும் வரைபடக் கருவியை ஆதாரமாகக் கொள்ளக் கூடாது. வரைபடக் கருவி வெப்பமானியைவிடக் கூடுதலாகக் காட்டும்படி இருக்கவே கூடாது. மூடிய டின்களை 30 நிமிடத்துக்கு ஒருமுறை கண்ணால் பார்க்க வேண்டும். 4 மணி நேரத்துக்கு மிகாத இடைவெளியில் சில டின்களின் மடிப்பை அறுத்துப் பிரித்து, மூடியின் கொக்கியும் உடலின் கொக்கியும் எவ்வளவு பிணைந்துள்ளன என்று அளக்க வேண்டும்.

இவை அத்தனையும் கையும் கண்ணும் பழக வேண்டிய பாடங்கள். எந்த எண்ணை நம்ப வேண்டும், எது பிசகினால் வேலையை நிறுத்த வேண்டும் என்ற தீர்ப்பை நிகழ்விடத்திலேயே வழங்கக்கூடிய ஒருவரை இந்த விதி உருவாக்கியது.

ஏழு கோட்பாடுகளும் மூன்று நாள் வகுப்பும்

1985இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் அறிக்கை ஹசாப் முறையைப் பரவலாக்கப் பரிந்துரைத்தது. அதன் தொடர்ச்சியாக அமைந்த ஆலோசனைக் குழு 1989இல் ஏழு கோட்பாடுகளை வகுத்தது. 1993இல் சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் ஆணையம் இதற்கான வழிகாட்டுதலை ஏற்றதும் முறை உலகமயமானது. அதே ஆண்டின் தொடக்கத்தில், ஜாக் இன் த பாக்ஸ் உணவகங்களின் ஹாம்பர்கரில் இருந்த ஈ.கோலை ஓ157 கிருமியால் 700க்கு மேற்பட்டோர் நோயுற்றனர். 4 குழந்தைகள் இறந்தனர். சட்டம் இயற்ற வேண்டிய அவசரம் கூடியது.

1995 டிசம்பரில் கடலுணவுக்கும் 1996 ஜூலையில் இறைச்சிக்கும் ஹசாபைக் கட்டாயமாக்கும் விதிகள் வெளியாயின. கடலுணவு விதியின்படி திட்டம் எழுதுவது, அதை மறுஆய்வு செய்து திருத்துவது, பதிவேடுகளைச் சரிபார்ப்பது ஆகிய மூன்று வேலைகளைத்தான் பயிற்சியோ அதற்கு ஈடான அனுபவமோ உள்ளவர் செய்ய வேண்டும். அவர் அந்த நிறுவனத்தின் ஊழியராகவே இருக்க வேண்டியதில்லை என்றும் விதி வெளிப்படையாகச் சொன்னது. இறைச்சி விதியும் அவ்வாறே சொன்னது.

இதற்கு நியாயமான காரணம் உண்டு. ஆயிரக்கணக்கான சிறு ஆலைகளைக் காலக்கெடுவுக்குள் கொண்டுவர, பல்கலைக்கழகங்களும் அரசு அலுவலர்களும் இணைந்து வகுத்த மூன்று நாள் பொதுப் பாடத்திட்டம் பேருதவி செய்தது. அது இல்லாவிட்டால் இந்த முறை பெரிய நிறுவனங்களின் சொத்தாகவே நின்றிருக்கும். ஆனால் ரிட்டார்ட் அருகே நின்றவர் இடத்தில், வாரத்துக்கு ஒருமுறை வந்து கோப்பைப் புரட்டும் ஆலோசகரும் சட்டப்படி போதுமானவர் ஆனார். வெப்பமானியைப் பார்த்து எண்ணைக் குறிக்கும் தொழிலாளிக்கு அந்த எண்ணின் பொருள் தெரிந்திருக்க வேண்டும் என்று அந்தப் பயிற்சி விதி கேட்கவில்லை.

ஒசாகா தரும் சான்று

இந்த இடைவெளியின் அபாயத்தை ஜப்பான் காட்டியது. 2000ஆம் ஆண்டு கோடையில் ஸ்னோ பிராண்ட் நிறுவனத்தின் பால் பொருள்களால் 13,000க்கு மேற்பட்டோர் நோயுற்றனர். அவற்றைத் தயாரித்த ஒசாகா ஆலை, ஹசாப் அடிப்படையிலான அரசு அங்கீகாரம் பெற்றிருந்தது. மூலக் காரணம், ஒசாகா ஆலை பயன்படுத்திய பால்பவுடரைத் தயாரித்த, ஹொக்கைடோவில் இருந்த அந்நிறுவனத்தின் மற்றோர் ஆலையில் கண்டறியப்பட்டது. அங்கே மார்ச் மாத மின்தடையின்போது பால் வெதுவெதுப்பாகத் தேங்கிக் கிடந்தது. ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமி பெருகி நச்சைச் சுரந்தது. பின்னர் சூடாக்கியதில் கிருமி செத்தது, நச்சு சாகவில்லை. கிருமி எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் பால்பவுடர் நல்ல பவுடர்தான். காய்ச்சினால் போதும் என்ற நம்பிக்கை எந்தக் கிருமியிடம் பலிக்காது என்று மின்தடை நேரத்தில் பணியில் இருப்பவருக்குத் தெரிந்திருந்தால் மட்டுமே இத்தகைய தவறு அங்கேயே தடுக்கப்படும். அந்த அறிவை எந்தக் கோப்பும் தானாகத் தந்துவிடாது.

தளத்துக்குத் திரும்புதல்

2011இல் அமெரிக்கா உணவுப் பாதுகாப்பு நவீனமாக்கல் சட்டத்தை இயற்றியது. அதன்கீழ் 2015இல் வந்த விதி, திட்டத்துக்குப் பொறுப்பான தகுதி பெற்ற ஒருவரைக் கேட்பதோடு, உணவைக் கையாளும் ஒவ்வொருவருக்கும் சுகாதாரம், உணவுப் பாதுகாப்பு ஆகியவற்றில் பயிற்சி தேவை என்றது. கோடெக்ஸ் 2020இல் தன் ஆவணத்தைத் திருத்தியபோது, உணவுப் பாதுகாப்புப் பண்பாடு என்ற கருத்தையும் அதில் சேர்த்தது.

இந்தியாவும் இந்த வரலாற்றின் பகுதியே. 1997இல் ஆலைகளின் சுகாதாரக் குறைகளைச் சுட்டி ஐரோப்பிய ஒன்றியம் இந்தியக் கடலுணவுக்குத் தடை விதித்தது. அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்கக் கடலுணவு விதி நடைமுறைக்கு வந்தது. கொச்சி முதல் தூத்துக்குடி வரை ஏற்றுமதி ஆலைகள் ஹசாப் கற்றது இந்த இருமுனை நெருக்கடியில்தான். கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இதற்கான பயிற்சி மையங்களுள் ஒன்றாக விளங்கியது. உள்நாட்டுச் சந்தைக்கு உணவு தயாரிப்போருக்கான பயிற்சி தாமதமாகவே வந்தது. 2017இல் தொடங்கிய ஃபாஸ்டாக் என்ற உணவுப் பாதுகாப்புப் பயிற்சித் திட்டம், உணவு கையாளும் 25 பேருக்குப் பயிற்சி பெற்ற மேற்பார்வையாளர் ஒருவர் வேண்டும் என்ற அளவுகோலை வைத்தது. இத்தனை பேருக்கு இன்னார் பொறுப்பு என்று வகுத்ததால், அது பணித்தளத்தைக் கண்முன் வைத்தே பேசுகிறது.

முடிவுரை

இந்த வரலாற்றில் பயிற்சி இரண்டு வேலைகளைச் செய்திருக்கிறது. ஒன்று திட்டம் எழுதக் கற்பித்தது. மற்றொன்று பிசகு நேரும் நொடியில் முடிவெடுக்கக் கற்பித்தது. முதலாவது முறையை உலகெங்கும் பரப்பியது. இரண்டாவது உயிர்களைக் காத்தது. சான்றிதழ்களின் எண்ணிக்கையைக் கொண்டு ஓர் ஆலையின் பயிற்சியை மதிப்பிடும் இன்றைய வழக்கம் முதல் வேலையை மட்டுமே அளக்கிறது. அளவு எல்லை மீறிய வேளையில் அங்கே இருந்தவர் யார், உற்பத்தியை நிறுத்தும் அறிவும் அதிகாரமும் அவருக்கு இருந்தனவா என்று தணிக்கையாளர் கேட்க வேண்டும். இரவுப் பணியில் உள்ள ஒப்பந்தத் தொழிலாளிக்கு, அவர் மொழியில், அவர் இயக்கும் இயந்திரத்தின் அருகே வைத்துப் பாடம் நடத்தும் ஏற்பாட்டை உரிம நிபந்தனையாகவே ஆக்க வேண்டும். 1973இல் டின் உணவுத் துறைக்குச் சாத்தியமானது இன்று மற்ற துறைகளுக்கு ஏன் முடியாது என்பதற்கு விதி வகுப்போர் பதில் சொல்லியாக வேண்டும்.