மாஸ்: நாட்டுக்குப் புதிய பதிவு

ஒரு நாட்டில் அதுவரை யாரும் குறிக்காத மாஸ் இனம் அங்கே வளர்வதை மாதிரியோடு நிறுவுவதே நாட்டுக்குப் புதிய பதிவு. அந்த இனம் வேறு நாட்டில் முன்பே அறியப்பட்டிருக்கும். உலகுக்கே புதிய இனத்தைக் கண்டறிவது வேறு வேலை.

'பாசி' என்ற சொல் நம்மைக் குழப்பும். ஆரம்பாக்கம் பக்கத்தில், பழவேற்காடு ஏரியில், படகின் அடியில் வழுவழுவென்று படிவது ஆல்கா. மாஸ் அதுவல்ல. தண்டும் நுண்ணிலையும் கொண்ட தரைச்செடி அது. கடல்நீருக்குள் வாழும் மாஸ் கிடையாது. மழைக்காலச் சுவரிலும் மலைக்காட்டு மரப்பட்டையிலும் அதைத் தேட வேண்டும்.

தமிழகத்தில் அப்படித் தேடியவர்களுள் முதன்மையானவர் செண்பகனூரில் வாழ்ந்த பிரெஞ்சு இயேசு சபைத் துறவி ஜார்ஜ் ஃபோரோ. பழனி மலையில் அவர் சேகரித்தவற்றை இங்கிலாந்தின் டிக்சனும் பிரான்சின் பொத்தியே த லா வார்டும் ஆராய்ந்தனர். பழனி மலை மாஸ்களைத் தொகுத்து ஃபோரோ எழுதிய இனப்பட்டியல் 1961இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் வந்தது.

மாஸ் ஆய்வில் அழகான கணம் ஒன்று உண்டு. பல ஆண்டுகள் காகித உறையில் சுருண்டு கிடந்த மாஸ் மேல் வெந்நீர் சொட்டினால் இலைகள் விரிந்துகொள்ளும். பிறகு நுண்ணோக்கியில் இலையின் செல்களையும் வித்துப்பை வாயைச் சுற்றிய பற்களையும் பார்த்து, மூல மாதிரியோடு ஒப்பிடுவார்கள். பார்த்த கண்ணின் சாட்சி போதாது. உலர்தாவரகத்தில் மாதிரி இருந்தால்தான் பதிவு நிற்கும்.

ஃபோரோவின் பெயரால் 'ஃபோரோயெல்லா' என்றொரு மாஸ் பேரினமே உண்டு.