கப்பல் பயணம்: கைப்பையில் எது, பெட்டியில் எது?

சிங்கப்பூரிலிருந்தோ கிள்ளான் துறைமுகத்திலிருந்தோ சொகுசுக் கப்பலில் செல்வோர், பெரிய பெட்டிகளைப் பொதுவாக முனையத்திலேயே ஒப்படைக்க வேண்டும். அவை அறைக்கு வந்துசேர சில மணி நேரமாகலாம். எனவே கடப்பிதழ், நீரிழிவு, இரத்த அழுத்த மாத்திரைகள், ஒரு மாற்றுடை ஆகியவை கைப்பையிலேயே இருக்க வேண்டும். இன்சுலின் எடுத்துச் செல்வோர், அறையின் சிறு குளிர்பெட்டி போதுமான குளிர் தருமா என்று ஊழியரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

அறைச் சுவர்கள் பெரும்பாலும் இரும்புத் தகட்டாலானவை. காந்தக் கொக்கிகளை ஒட்டித் தொப்பி, துண்டு, பைகளை மாட்டலாம். துணிகளை அலமாரியில் அடுக்கிவிட்டுக் காலிப் பெட்டிகளைக் கட்டிலுக்கடியில் தள்ளினால் நடக்க இடம் கிடைக்கும்.

இஸ்திரிப் பெட்டி, மின்கெண்டி, சோற்றுக் குக்கர் ஆகியவற்றை வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள். தீ அபாயம் கருதி, கப்பல் நிறுவனங்கள் இவற்றை அறைக்குள் அனுமதிப்பதில்லை.