இரு நாடுகளின் விலைமட்டம்: திருகோணமலைத் துறையினின்று ஒரு நோக்கு

கடல் கடந்து வாணிகம் புரிந்தோர் அனைவரும் ஒரு வினாவை எழுப்பியிருப்பர்: அக்கரையில் வாழ்தல் மலிவோ, இக்கரையில் மலிவோ? திருகோணமலைக்கு இவ்வினா புதியதன்று. எனினும், இதற்குச் செவ்விய விடை காண்பது எளிதன்று என்பதனை இலங்கை, இந்திய நாணயங்களின் வரலாறு உணர்த்துகின்றது.

1872ஆம் ஆண்டில் இந்திய வெள்ளி ரூபாய் இலங்கையின் சட்டபூர்வ நாணயமாயிற்று. அன்று தொட்டு 1966 வரை இரு நாட்டு ரூபாய்களும் சமமதிப்புடையனவாக விளங்கின. ஆயினும் உட்பிரிவில் அவை வேறுபட்டன. இலங்கையில் ஒரு ரூபாய் நூறு சதம். இந்தியாவிலோ 1957 வரை பதினாறு அணா. ஆதலின் ஓர் அணா ஆறேகால் சதத்திற்கு ஈடாயிற்று. நாணயம் சமமாயின் விலையும் சமமாதல் வேண்டும் என எவரேனும் எண்ணுவராயின், அது பிழை. நெல்லும் துணியும் கடல் கடக்கும். முடிதிருத்துவோன் பணியும், வீட்டு வாடகையும், கூலியாளின் ஒருநாள் உழைப்பும் கப்பலேறா. கடற்படைத் தளமாக விளங்கிய திருகோணமலையில் ஆள் தேவை பெருகிய காலத்துக் கூலியை நாகபட்டினத்துக் கூலி கட்டுப்படுத்த இயலாது.

அரிசியும் எஞ்ஞான்றும் தடையின்றிக் கடந்ததில்லை. 1942இல் பர்மா யப்பானியர் வசமாகவே அந்நாட்டரிசி நின்றது. அவ்வாண்டு ஏப்ரல் 9ஆம் நாள் திருகோணமலையும் குண்டுவீச்சுக்கு இலக்காயிற்று. இலங்கையில் பங்கீட்டு முறை வந்தது. அதன்பின் அரிசி விலை சந்தையால் மட்டுமன்றி அரசினாலும் வரையறுக்கப்பட்டது. 1953இல் பங்கீட்டரிசி கொத்தொன்று 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது, ஆகஸ்டு 12இல் நாடெங்கும் ஹர்த்தால் மூண்டது. அக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். அவ்வுயர்வு உலகச் சந்தையில் அன்று நிகழ்ந்த ஏற்றமன்று. அரசு தாங்கிய மானியத்தின் குறைப்பேயாகும்.

சுட்டெண்களை நோக்கின் மற்றொரு மயக்கம் தோன்றும். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் 1952ஆம் ஆண்டை 100 எனக் கொண்டது. இந்தியத் தொழிலாளர் சுட்டெண் 1949ஐ 100 எனக் கொண்டது. இவை ஒவ்வொரு நாட்டிலும் விலை எவ்வளவு மாறியது என்பதைக் கூறுமேயன்றி, எந்நாட்டில் விலை மிகுதி என்பதைக் கூறா. இரு மாணவர் ஓராண்டில் எத்தனை அங்குலம் வளர்ந்தனர் என்று அறிவதால், அவருள் நெட்டையன் யாவன் என்று அறியலாகுமோ?

நாணயமாற்று வீதமும் இக்குறையை நீக்காது. 1966 யூன் 6ஆம் நாள் இந்திய ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட்டது, டொலருக்கு 4.76 என்றிருந்தது 7.50 ஆயிற்று. முதல்நாள் இலங்கை ரூபாய் ஒன்றுக்குச் சமமாயிருந்த இந்திய ரூபாய் மறுநாள் ஏறக்குறைய 63 சதமாயிற்று. ஓரிரவில் சென்னைச் சந்தை மூன்றிலொரு பங்கு மலிந்துவிட்டதோ? இல்லை. 1967 நவம்பரில் இலங்கையும் தன் நாணய மதிப்பைக் குறைக்கவே அது ஏறக்குறைய 79 சதமாயிற்று. மாறியது கணக்கே, அடுப்பிலேறிய உலையன்று.

உண்மை ஒப்பீட்டுக்கு வழி ஒன்றுண்டு. ஒரே ஆண்டில் ஒரே வகைப் பண்டங்களின் விலையை இரு நாட்டிலும் திரட்டி, இரு நாட்டு நுகர்வு வழக்கையும் நிறையாகக் கொண்டு கணித்தல் வேண்டும். கொள்வனவுச் சக்திச் சமநிலை என்னும் கருத்தைச் சுவீடன் நாட்டறிஞர் கஸ்ரவ் கசல் முதலாம் உலகப்போர்க் காலத்தில் விளக்கினார். 1968இல் தொடங்கிய அனைத்துலக ஒப்பீட்டுத் திட்டம் அதனை அளவீடாக்கிற்று. 1970ஆம் ஆண்டுக்கான கணிப்பில் இந்தியாவும், 1975க்கானதில் இலங்கையும் இடம்பெற்றன. அவ்வாறு கண்ட ஓராண்டு மட்டத்தை, அவ்வந்நாட்டுச் சுட்டெண்ணால் முன்னும் பின்னும் நீட்டலாம்; நீளுந்தோறும் பிழையும் பெருகும்.

இஃது ஏட்டுக் கணக்கு மட்டுமன்று. 2022 செப்டெம்பரில் கொழும்புச் சுட்டெண் முந்திய ஆண்டினும் நூற்றுக்கு 69.8 உயர்ந்தது. அந்த எண் கொழும்பு நகர்ப்புறத்தினது. தம்பலகாமத்து நெல்லும் கொட்டியாரத்து மீனும் வாங்கும் குடும்பத்தின் செலவை அது நேரே அளப்பதில்லை. நாடு முழுவதற்குமான சுட்டெண் 2015இலேதான் வெளிவரத் தொடங்கிற்று. எந்த ஊரின் கூடையை அளக்கின்றோம் என்பதே எவர் வறுமை கண்ணிற்படும் என்பதைத் தீர்மானிக்கின்றது. ஆதலின் இரு நாடுகளை ஒப்பிட முனைவோர், முதற்கண் ஒரு நாட்டுள்ளேயே இரு ஊர்களை ஒப்பிடக் கற்றல் நன்று.