அரபு எழுத்தாளராக வாழ்ந்த பிறேசில் கணித ஆசிரியர்

சிறுவர்களுக்குக் கற்பனைக் கதையின் வழியாகக் கணிதத்தைக் கற்பிக்கும் முயற்சி புதியதன்று. ஆங்கிலத்தில் லூயிஸ் கரோல் 1885 ஆம் ஆண்டில் கணிதப் புதிர்களைக் கதைகளாகக் கோத்து ஒரு நூலை வெளியிட்டார். ஜேர்மன் மொழியில் ஹான்ஸ் மக்னுஸ் என்சென்ஸ்பெர்கர், ஒரு சிறுவனின் கனவில் வந்து எண்களைப் பற்றிப் பேசும் பிசாசின் கதையை 1997 இல் எழுதினார். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில், 1938 இல் பிறேசிலில் போர்த்துக்கேய மொழியில் வெளிவந்த 'கணக்கிட்ட மனிதன்' என்ற நூல் இவ்வகையில் தனித்து நிற்பது. நூலைப் போலவே அதன் ஆசிரியரின் கதையும் விசித்திரமானது.

அந்நூலின் அட்டையில் இருந்த பெயர் மல்பா தகான். மக்காவுக்கு அருகே 1885 இல் பிறந்து, கெய்ரோவிலும் இஸ்தான்புல்லிலும் கல்வி கற்று, 1921 இல் மத்திய அரேபியாவில் ஒரு கோத்திரத்தின் விடுதலைக்காகப் போரிட்டு மாண்டவர் என்று அவரது வாழ்க்கைக் குறிப்பு கூறிற்று. நூல்களை அரபியிலிருந்து போர்த்துக்கேயத்துக்குப் பெயர்த்தவர் என ஒரு மொழிபெயர்ப்பாளரின் பெயரும் இருந்தது. ஆனால் அப்படி ஓர் அரபு எழுத்தாளர் பிறக்கவுமில்லை, மாளவுமில்லை. மொழிபெயர்ப்பாளரும் கற்பனையே. இருவரையும் படைத்தவர் 1895 மே 6 ஆம் திகதி றியோ டி ஜனெய்ரோவில் பிறந்த ஜூலியோ சேசார் டி மெலோ இ சோசா என்ற கணித ஆசிரியர். அவர் அரபு நாடுகளுக்குச் சென்றதேயில்லை.

இந்தப் புனைவுக்கான காரணம் ஒரு பத்திரிகை அலுவலகத்தில் தொடங்குகிறது. இளைஞராக இருந்தபோது தாம் எழுதிய சில கதைகளை ஒரு நாளேட்டின் ஆசிரியரிடம் அவர் கொடுத்தார். அவை வாசிக்கப்படாமலே மேசையில் கிடந்தன. அவற்றை மீளப் பெற்று, ஓர் அமெரிக்க எழுத்தாளரின் பெயரை இட்டு, மொழிபெயர்ப்பு என்று சொல்லிக் கொடுத்தபோது முதற்கதை மறுநாளே முதற்பக்கத்தில் பிரசுரமாயிற்று. இது அவரே பின்னாளில் கூறியது. உள்ளூர்ப் பெயருக்குக் கிடைக்காத மதிப்பு அந்நியப் பெயருக்குக் கிடைக்கிறது என்பதை அவர் கண்டுகொண்டார். ஆயிரத்தொரு இரவுகளில் மனதைப் பறிகொடுத்திருந்த அவர், அரபு வரலாற்றையும் பண்பாட்டையும் ஊன்றிக் கற்றார். மல்பா தகானின் கதைகள் 1925 இல் 'அ நோய்ட்டே' என்ற றியோ நாளேட்டில் வெளிவரத் தொடங்கின.

'கணக்கிட்ட மனிதன்' நூலின் நாயகன் பெரெமிஸ் சமீர், பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பக்தாத்தை நோக்கிப் பயணம் செய்யும் பாரசீகன். மரத்தின் இலைகளையும் வானில் செல்லும் பறவைகளையும் ஒரே பார்வையில் எண்ணிவிடும் ஆற்றலுள்ளவன். வழியில் மூன்று சகோதரர்கள் சண்டையிட்டுக் கொண்டிருக்கிறார்கள். தந்தை விட்டுச் சென்ற 35 ஒட்டகங்களில் மூத்தவனுக்கு அரைப்பங்கு, அடுத்தவனுக்கு மூன்றில் ஒரு பங்கு, இளையவனுக்கு ஒன்பதில் ஒரு பங்கு. பதினேழரை ஒட்டகத்தை எப்படிக் கொடுப்பது? பெரெமிஸ் தன் நண்பனின் ஒட்டகத்தையும் சேர்த்து 36 ஆக்குகிறான். மூவருக்கும் முறையே 18, 12, 4 கிடைக்கின்றன. ஒவ்வொருவனுக்கும் உரியதைவிடச் சற்று அதிகம். கூட்டினால் 34 தான். மீதமுள்ள இரண்டில் ஒன்று நண்பனுக்குத் திரும்புகிறது. மற்றையது பெரெமிசின் கூலி.

இதில் மாயம் எதுவுமில்லை. அரை, மூன்றில் ஒன்று, ஒன்பதில் ஒன்று ஆகியவற்றைக் கூட்டினால் பதினெட்டில் பதினேழுதான் வருகிறது. தந்தை பதினெட்டில் ஒரு பங்கை எவருக்கும் எழுதிவைக்கவில்லை. பின்னங்களைக் கூட்டுவதைக் கரும்பலகையில் வெறுக்கும் சிறுவன், அந்த இரண்டாவது ஒட்டகம் எங்கிருந்து வந்தது என்றறிய அதே கூட்டலைத் தானாகவே செய்கிறான்.

அடுத்த கதை இன்னும் ஆழமானது. கொள்ளையரிடம் அகப்பட்டுப் பசியால் வாடிய செல்வந்தர் ஒருவருடன் பெரெமிஸ் தன் ஐந்து ரொட்டிகளையும், நண்பன் தன் மூன்று ரொட்டிகளையும் பகிர்ந்து மூவரும் சமமாக உண்கிறார்கள். செல்வந்தர் எட்டுப் பொற்காசுகளைத் தந்து, ஐந்தும் மூன்றுமாகப் பிரிக்கச் சொல்கிறார். பெரெமிஸ் மறுக்கிறான். எட்டு ரொட்டிகளையும் மும்மூன்று துண்டுகளாக்கினால் 24 துண்டுகள். ஆளுக்கு எட்டுத் துண்டுகள். தன் 15 துண்டுகளில் எட்டைத் தானே உண்டதால் அவன் விருந்தினருக்குக் கொடுத்தது ஏழு. நண்பன் ஒன்பதில் எட்டை உண்டு கொடுத்தது ஒன்று. ஆகவே ஏழும் ஒன்றுமே சரியான கணக்கு. அதை நிறுவிய பின்னர், காசுகளை நான்கு நான்காகவே அவன் நண்பனுடன் பகிர்ந்துகொள்கிறான். கணக்கு நியாயத்தைக் காட்டுகிறது. நியாயத்துக்கு அப்பால் நட்பு இருக்கிறது.

இந்நூலின் உயிர் இங்கேதான் உள்ளது என்பது எமது எண்ணம். கசப்பு மருந்துக்குத் தேன் தடவுவதுபோல் கதையைக் கணிதத்தின் மேல் பூசும் நூல்கள் பல. பெரெமிசின் உலகிலோ எண், மனிதருக்கு இடையிலான வழக்கைத் தீர்க்கிறது. கணக்குப் பிழைத்தால் ஒருவருக்கு அநீதி நேரும். அதனாலேயே சிறுவன் விடையை அறிய விரும்புகிறான்.

நூலில் இந்தியத் தொடர்பும் உண்டு. பாஸ்கரர் 1150 இல் எழுதிய 'லீலாவதி' பற்றிய கதையைப் பெரெமிஸ் சொல்கிறான். சோதிடம் கூறிய விதியால் மணம் தவறிய மகளுக்காகத் தந்தை கணித நூல் எழுதினார் என்பது, 1587 இல் அக்பரின் அவைப் புலவர் பைசி செய்த பாரசீக மொழிபெயர்ப்பின் வழியாகப் பரவிய மரபுக்கதை. பெரெமிஸ் திரைக்கு அப்பாலிருந்து கணிதம் கற்பிக்கும் தெலாசிமும், சோதிடர் சொல்லுக்கு அஞ்சிய தந்தையால் கணிதம் கற்க வைக்கப்பட்ட பெண்ணே.

குறை இல்லாமலில்லை. அடிமைகளும் திரைமறைவுப் பெண்களும் நிறைந்த இக்கிழக்குலகம் ஏடுகளிலிருந்து எடுத்தது. ஆனால் பாடசாலைக் கணிதம் ஐரோப்பாவின் சொத்து என்று எண்ணப்பட்ட காலத்தில், பாரசீகனொருவனைக் கணித மேதையாக நிறுத்தியதையும் கணக்கிலெடுக்க வேண்டும்.

வகுப்பறையிலும் அவர் கதையில் எழுதியபடியே நடந்துகொண்டார். பயனற்ற கடினக் கணக்குகளால் மாணாக்கரை வதைக்கும் ஆசிரியர்களை வெளிப்படையாகச் சாடினார். எந்த மாணவனுக்கும் பூச்சியம் போடுவதில்லை என்பது அவர் கொள்கை. இத்தனை எண்கள் இருக்கையில் பூச்சியத்தை ஏன் கொடுக்க வேண்டும் என்று கேட்டவர் அவர்.

ஜனாதிபதி கெட்டூலியோ வர்காசின் அனுமதியோடு மல்பா தகான் என்ற பெயர் அவரது அடையாள அட்டையிலும் இடம்பெற்றது. 1974 ஜூன் 18 இல், ஆசிரியர்களுக்கு விரிவுரையாற்றச் சென்ற ரெசிஃபே நகரில் அவர் காலமானார். அவர் பிறந்த மே 6 ஆம் திகதியைப் பிறேசில் 2013 இல் சட்டமியற்றித் தேசிய கணித தினமாக்கியது. சொந்தப் பெயரில் எழுதியபோது ஒரு பத்திரிகை ஆசிரியர் வாசிக்க மறுத்த மனிதரின் பிறந்த நாளையே இன்று அந்நாட்டுப் பாடசாலைகள் கணிதத்தின் நாளாகக் கொண்டாடுகின்றன.