துரை பங்களா: ஒரு குடிசைச் சொல் மலையேறிய கதை

இலங்கையின் ஹட்டன், பொகவந்தலாவைப் பக்கம் தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே நிற்கும் பழைய துரை பங்களாக்கள் சில இன்று விருந்தினர் விடுதிகள். அவற்றில் ஒன்றான தியன்சின் பங்களா 1888இல் கட்டப்பட்டது. 2005 முதல் இத்தகைய பங்களாக்களைத் தில்மா தேயிலையின் பெர்னாண்டோ குடும்பம் விடுதிகளாக நடத்திவருகிறது. அகன்ற வராந்தா, கணப்படுப்பு, கத்தரித்த புல்வெளி, மாலைத் தேநீர் என்று வெள்ளைக்காரத் துரையின் வாழ்க்கையை விருந்தினர் ஓரிரு நாள் வாழ்ந்து பார்க்கலாம்.

இந்த வீட்டுக்குப் பெயர் தந்தது வங்கத்து மண்குடிசை.

‘பங்களா’ என்றால் இந்துஸ்தானியில் ‘வங்காளத்தைச் சேர்ந்தது’. அடைமழை நாடான வங்கத்தில் மூங்கிலை வளைத்துக் கூரை போட்டார்கள். இறவாரம் இரு முனையிலும் தாழ்ந்து வளைந்திருக்கும். தண்ணீர் தங்காமல் வழிந்துவிடும். அந்த வளைவின் அழகு மன்னர்களையும் பிடித்துக்கொண்டது. பிஷ்ணுபூரில் 1655இல் எழுந்த ஜோர் பங்களா கோயில், இரண்டு குடிசைகளை ஒட்டவைத்த வடிவத்தைச் சுடுமண்ணில் காட்டுகிறது. ஆக்ரா கோட்டையில் ஷாஜகான் அதே கூரைக்குப் பொன்முலாம் பூசினார். ஏழை வீட்டுக் கூரை அரண்மனைக்குப் போனது இப்படித்தான்.

ஆங்கிலேயரிடம் சொல் போனபோது இந்தப் பெருமை எதுவும் கூடப் போகவில்லை. 1676ஆம் ஆண்டின் ஹூக்ளிப் பதிவொன்றில், கிழக்கிந்தியக் கம்பெனிப் படகுகளில் வேலை செய்த ஆங்கிலேயருக்குப் போடவேண்டிய எளிய குடில்கள் என்ற பொருளில்தான் அது வருகிறது. பிறகு கூரை அகன்றது, சுற்றிலும் வராந்தா வந்தது, வீட்டைச் சுற்றி வளவு விரிந்தது. தபால் சாலைகளில் டாக் பங்களா, தாலுகா ஊர்களில் பயணியர் பங்களா, அசாம் தேயிலைக் காட்டில் தரையிலிருந்து தூண்கள் மேல் உயர்த்திய சாங் பங்களா என்று ஆட்சியும் தோட்டமும் போன இடமெல்லாம் சொல்லும் போனது. இங்கிலாந்தின் கென்ட் கடற்கரையில் 1870ஐ ஒட்டி முதல் பங்களாக்கள் எழுந்தன. அங்கே இன்று அது மாடியில்லாத அடக்கமான வீடு. சிங்கப்பூரிலோ முதல்தரப் பங்களாவுக்குக் குறைந்தது 1,400 சதுர மீட்டர் நிலம் வேண்டும். தமிழில் ‘பங்களா கட்டிட்டான்’ என்றால் ஆள் பெரிய பணக்காரன். பழைய தமிழ்ப் படத்துப் பங்களாவுக்கு வளைந்திறங்கும் மாடிப்படி இருந்தே ஆகவேண்டும். மூலக் குடிசைக்கு மாடியே கிடையாது.

இலங்கை மலையகத்தில்தான் இந்தச் சொல்லின் எடை முழுதாகத் தெரிகிறது. அங்கே ‘பங்களா’ தனியாக நிற்பதில்லை. எதிரே ‘லயம்’ இருக்கிறது. ஆங்கில ‘லைன்’தான் லயமானது. ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகள். பல லயங்களில் ஓர் அறை பத்துக்குப் பன்னிரண்டு அடி, அதில் ஒரு குடும்பம். பெரிய துரையும் துரைசாணியும் மேட்டில். கணக்கப்பிள்ளையும் கங்காணியும் இடையில். காலையில் பிரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, ஓடிக் கொழுந்து பறிக்கும் பெண்கள் கீழே. யார் எங்கே நிற்பது என்பதைச் சொற்களே வகுத்துவைத்தன.

இதில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். துரைகளில் பலருக்கும் பங்களா சொந்தமில்லை. வேலையோடு வந்து வேலையோடு போகும் வீடு அது. லூல்கந்துரைத் தோட்டத்தில் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரே தோட்டத்தின் மேலாளர்தான். 1892இல் உரிமையாளர்கள் அவரை விலக்கினார்கள். அதே ஆண்டு வயிற்றுக்கடுப்பில் அவர் இறந்தார். 1972இன் நிலச்சீர்திருத்தம் தனியார் நிலத்துக்கு 50 ஏக்கர் உச்சவரம்பு வைத்தது. 1975இல் கம்பெனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் மறுபடி தனியார் கம்பெனிகளுக்குப் போனது. மேட்டு வீட்டில் ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். தலைமுறை தலைமுறையாக ஒரே இடத்தில் இருந்தவர்கள் லயத்துக்காரர்கள். அவர்களில் மிகப் பெரும்பாலானோரின் குடியுரிமையை 1948இன் சட்டம் பறித்தது. நிலப்பத்திரம் அதற்குப் பிறகும் வெகுகாலம் எட்டவில்லை. பங்களாவைப் பார்க்க வருகிறவர் கேட்க வேண்டிய கதை இதுதான். வராந்தாவில் நின்றால் லயத்துக் கூரையும் கண்ணில் படும்.

அண்மைக் காலத்தில் குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் நிலத்தோடு வீடு கட்டித்தரும் திட்டங்கள் வந்திருக்கின்றன. இந்திய உதவியிலும் சில ஆயிரம் வீடுகள் எழுந்தன. அடுத்த அறையோடு சுவரைப் பகிராமல், நாலு பக்கமும் காற்று வர நிற்கும் சிறு வீடுகள் அவை. வங்கத்துக் குடிசைக்கும் ஹூக்ளிக் குடிலுக்கும் ‘பங்களா’ என்ற சொல் தாராளமாகப் பொருந்தியது. மலையக மக்கள் தங்கள் வீட்டுக்கு அந்தச் சொல்லைக் கேட்கவில்லை. அவர்கள் கேட்பது ‘தனி வீடு’.