திரையும் மூளையும்: யப்பானிய அனுபவம்

நாள்தோறும் நாம் நோக்கும் திரை மூளைக்கு ஊறு விளைவிக்குமா என்னும் வினா கைத்தொலைபேசியோடு பிறந்ததன்று. விட்டுவிட்டு மின்னும் ஒளி சிலருக்கு வலிப்பை உண்டாக்குதலைப் பிரித்தானிய நரம்பியலறிஞர் கிரே வோல்டர் 1946 இல் மூளை மின்னலைப் பதிவுகளின் துணைகொண்டு ஆராய்ந்தார். தொலைக்காட்சி இல்லங்களுட் புகுந்தபின் அதன் முன்னிலையிலும் இத்தகைய வலிப்பு ஏற்படுதலை மருத்துவர் கண்டனர். எனினும், இவ்வறிவு நெடுங்காலம் மருத்துவ சஞ்சிகைகளுள் அடங்கிக் கிடந்தது. அதனை ஊரறியச் செய்தது யப்பானில் ஒரு மாலைப்பொழுதாகும்.

1997 டிசம்பர் 16 ஆம் நாள் மாலை, சிறுவர் பெரிதும் விரும்பிய பொக்கேமொன் சித்திரத் தொடரின் ஓர் அங்கம் ஒளிபரப்பாகியது. வெடிப்பொன்றைக் காட்டும் காட்சியிற் சிவப்பும் நீலமும் செக்கனுக்குப் பன்னிரண்டு தடவை என்னும் வேகத்தில் ஏறத்தாழ நான்கு செக்கன்கள் மாறிமாறி மின்னின. அன்றிரவு நாடெங்கும் அறுநூற்றுக்கும் மேற்பட்டோர் வைத்தியசாலைகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். எல்லோருக்கும் ஏற்பட்டது வலிப்பன்று; தலைவலி, குமட்டல், மயக்கம் என்பனவும் இருந்தன. ஆயின், வலிப்புற்றோருட் பெரும்பாலானோர் அதற்கு முன்னர் வலிப்புக் கண்டிராதவர்கள் என்பது கருதத்தக்கது. இச்செய்தியை அறிவிக்கப் புகுந்த தொலைக்காட்சி நிலையங்கள் அதே காட்சியை மீண்டும் காட்ட, அதனாலும் சிலர் நோயுற்றனர். ஆபத்தின் தன்மையை எச்சரித்தவர்களே உணரவில்லை!

தொடர் நான்கு மாதம் நிறுத்தப்பட்டது. இத்தகைய விதிகளைப் பிரித்தானியா ஏற்கெனவே வகுத்திருந்தது. 1998 இல் யப்பானிய ஒளிபரப்பாளரும் மின்னலின் வேகத்தையும், சிறப்பாகச் சிவப்பொளியின் பயன்பாட்டையும் வரையறுத்தனர். இங்கு தீங்கு மெய்யானது. அதன் காரணம் அளக்கப்பட்டது. பரிகாரமும் அவ்வளவீட்டிலிருந்தே பிறந்தது.

2002 இல் எழுந்த அச்சம் வேறுவகையினது. நிகொன் பல்கலைக்கழகப் பேராசிரியர் மோரி அகியோ 'விளையாட்டு மூளை' என்னுங் கருத்தை ஒரு நூலில் வெளியிட்டார். கணனி விளையாட்டில் நெடுநேரம் ஈடுபடுவோரின் முன்மூளையில் பீற்றா அலைகள் குன்றுகின்றன எனவும், அந்நிலை அறிவுத்தேய்வு நோயாளரின் நிலையை ஒத்தது எனவும் அவர் கூறினார். பெற்றோர் நூலை ஆவலுடன் வரவேற்றனர். நரம்பியலறிஞர் பலர் அளவீட்டு முறையையே மறுத்தனர். அமைதியாக இருப்பவரிடத்தும் பீற்றா அலைகள் தணிதல் இயல்பே. அதனை நோயின் அடையாளமாகக் கொள்வது எங்ஙனம்? 1997 இன் நினைவு பெற்றோர் உள்ளத்தில் நின்றமையே இந்நூலுக்கு இத்துணை வரவேற்பைத் தேடித்தந்தது என எண்ணத் தோன்றுகின்றது. ஒரு மெய்யான விபத்து, நிறுவப்படாத கொள்கையொன்றுக்குச் சாட்சியாயிற்று.

இவ்வச்சம் பின்னர் சட்டத்திலும் இடம்பெற்றது. 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ககவா மாகாணக் கட்டளைச்சட்டம், பதினெட்டு வயதுக்குட்பட்டோர் பாடசாலை நாட்களில் அறுபது நிமிடமும் விடுமுறை நாட்களில் தொண்ணூறு நிமிடமுமே விளையாடலாமென வழிகாட்டியது. தண்டனை எதுவும் விதிக்கப்படவில்லை. நித்திரைக்குறைவு, படிப்பில் நாட்டமின்மை ஆகியன குறித்த பெற்றோரின் கவலையை நாம் இகழ்தற்கில்லை. ஆயினும், 1998 இன் விதிகள் திரையிலே தோன்றுவது யாது என வினவின. ககவாவின் சட்டமோ கடிகாரத்தை மட்டுமே நோக்கியது. அறுபது நிமிடம் என்னும் எல்லைக்கும் மூளையின் இயக்கத்துக்கும் உள்ள தொடர்பை, சிவப்பொளியின் மின்னலைப்போல, எவரும் அளந்து காட்டியிருக்கவில்லை.