மேற்குத் தொடர்ச்சி மலை

இந்தியத் தீபகற்பத்தின் மேற்குக் கரையோரமாக, தபதி ஆற்றுக்குத் தெற்கே தொடங்கிக் கன்னியாகுமரி வரை ஏறத்தாழ 1,600 கி.மீ. நீளும் மலைத்தொடர் இது. குஜராத், மகாராட்டிரம், கோவா, கர்நாடகம், கேரளம், தமிழ்நாடு என 6 மாநிலங்களில் கிடக்கிறது. தமிழ்ப் பெயர் அதன் தொடர்ச்சியைச் சொல்கிறது. வடக்கே வழங்கும் ‘காட்’ என்ற சொல்லோ மலையைக் குறிப்பதே அல்ல; மலையேறிக் கடக்கும் கணவாய்ப் பாதைக்கும், ஆற்றுப் படித்துறைக்கும் உரிய பெயர். ஐரோப்பியர் பாதையின் பெயரை மலைக்கே வைத்துவிட்டார்கள். பிழைதான், ஆனால் உதவுகிற பிழை. இந்த மலையைப் பகுதி பகுதியாகப் பிரிப்பவை சிகரங்களல்ல, இடைவெளிகள்தான்.

இமயத்தைப் போல நிலத்தட்டுகள் மோதி மடிந்து எழுந்த மலையல்ல இது. தக்காணப் பீடபூமியின் உடைந்த மேற்கு விளிம்பு. சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாஸ்கர் பிரிந்துபோனதில் இந்த விளிம்பின் கதை தொடங்குகிறது. கொங்கணக் கரையில் நின்று பார்த்தால் செங்குத்தான சுவர். பீடபூமிப் பக்கமிருந்து வந்தால் பல இடங்களில் மலையேறியதே தெரியாது. நிலம் கிழக்கே சாய்ந்திருப்பதால் ஆறுகளும் கிழக்கே போகின்றன. கோதாவரி பிறக்கும் திரியம்பகத்திலிருந்து அரபிக்கடல் சுமார் 80 கி.மீ. தான். ஆறோ 1,465 கி.மீ. நடந்து வங்கக்கடலைச் சேர்கிறது.

வடபகுதி சகியாத்திரி. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அடுக்கடுக்காகப் பரவிய எரிமலைக் குழம்பு இறுகிய கரும்பாறை. அதனால் மலைகள் படிக்கட்டுப் போலவும், உச்சிகள் மேசை போலத் தட்டையாகவும் இருக்கின்றன. கோட்டை கட்ட இதைவிட வாகான இடம் கிடைக்காது என்பதற்கு ராய்கட்டும் பிரதாப்கட்டும் சாட்சி. இங்கே உயர்ந்தது 1,646 மீட்டர் கல்சுபாய். மும்பையிலிருந்து புனே செல்லும் ரயில் பாதை போர் காட் வழியாக ஏறியது 1863இல்.

கோவாவை ஒட்டிக் கரும்பாறை முடிந்து, அதைவிடப் பன்மடங்கு பழைய பாறைகள் வெளிப்படுகின்றன. இது கன்னடர்களின் மலெநாடு. முல்லையனகிரி, குதிரைமுகம், காவிரி பிறக்கும் தலைக்காவிரி எல்லாம் இந்த நடுப்பகுதியில் உள்ளவை. ஆகும்பேயில் ஆண்டு மழை சராசரி 7,000 மி.மீ.யைத் தாண்டும். சரிவுக்குக் கிழக்கே சற்றுத் தள்ளிப் போனால் மழைமறைவு. கேழ்வரகு விளையும் மானாவாரி நிலம்.

நீலகிரியில் கிழக்குத் தொடர்ச்சி மலையும் வந்து சேர்கிறது. தொட்டபெட்டா 2,637 மீட்டர். அந்த உயரத்திலிருந்து தெற்கே சட்டென்று விழுந்தால் பாலக்காட்டுக் கணவாய். அதன் தாழ்ந்த பகுதி கடல் மட்டத்திலிருந்து 140 மீட்டர் அளவில்தான் இருக்கிறது. அகலம் 30 கி.மீ.க்கும் மேல். மேட்டுப்பாளையத்திலிருந்து கிளம்பும் ஊட்டி ரயில் கல்லாறு முதல் குன்னூர் வரை பல்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறது. கோவையிலிருந்து பாலக்காடு போகும் வண்டிக்கோ மலைத்தொடரைக் கடக்கிறோம் என்ற நினைப்பே தேவையில்லை. தென்மேற்குப் பருவத்தில் இந்த வாசல் வழியே புகும் காற்றுதான் கோவையைக் குளிர வைக்கிறது.

மனிதருக்கு வாசல், மலையுச்சிப் பறவைக்குச் சுவர். குளிர்ந்த சோலைக்காட்டை விட்டு இறங்காத சிரிப்பான்களைப் பாருங்கள்: கணவாய்க்கு வடக்கே நீலகிரிச் சிரிப்பான், தெற்கே பழனிச் சிரிப்பான். இரண்டும் வேறு வேறு இனங்கள்.

கணவாய்க்குத் தெற்கே ஆனைமலை. இமயத்துக்குத் தெற்கே இந்தியாவின் உயர்ந்த சிகரமான ஆனைமுடி (2,695 மீட்டர்) மூணாறு அருகே நிற்கிறது. அங்கிருந்து கிழக்கே கிளையாக நீள்வது கொடைக்கானலைத் தாங்கும் பழனி மலை. தெற்கே இறங்குவது ஏலமலை. மேற்கே ஓடும் பெரியாற்று நீரை மலைக்குள் சுரங்கம் வெட்டி வைகைப் பக்கம் திருப்பிய முல்லைப்பெரியாறு அணை 1895இல் இங்கேதான் எழுந்தது.

அடுத்த முறிவு செங்கோட்டைக் கணவாய். பாலக்காட்டளவு பெரிதல்ல, ஆனால் குற்றாலத்துக்கு உயிர் இதுதான். ஆனி பிறந்ததும் ஆரியங்காவு வழியே காற்று இறங்கும். கேரளப் பக்கம் கொட்டிய மழையின் மிச்சம் தென்காசி வரை பொடிப்பொடியாக வந்து விழும். வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே சட்டை நனையும். அதை அங்கே யாரும் மழை என்பதில்லை, சாரல்.

இந்தக் கணவாயைத் தாண்டினால் சிரிப்பானும் மாறிவிடுகிறது: இது அசம்புச் சிரிப்பான். தாமிரபரணி பிறக்கும் பொதிகை இப்பகுதியின் தலை. அதன் உச்சியான அகத்தியமலை 1,868 மீட்டர். மகேந்திரகிரிக்குப் பிறகு மலை சரசரவென்று தாழ்ந்து, ஆரல்வாய்மொழியில் கடைசியாக ஒருமுறை வழிவிடுகிறது. அந்த வாய் வழியே வரும் காற்றில்தான் முப்பந்தலின் காற்றாலைகள் சுழல்கின்றன.